பசிக்கு வைத்த பரீட்சை: தாது வருஷப் பஞ்சம் முதல் மஞ்சள் கார்டு வரை

சங்க மலருக்குக் கட்டுரை என்றால் நான் சித்தன்னவாசலையோ திருநாதர் குன்றையோ எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். இம்முறை ரேஷன் கார்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "என்ன நயினார், கல்வெட்டெல்லாம் தீர்ந்துபோச்சா?" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். தீரவில்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் சரித்திரத்தைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் 1999 முதல் ரேஷன் கார்டு மூன்று நிறமானது இங்குள்ள அன்பர்களுக்கு நினைவிருக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்குள் என்றால் மஞ்சள், அதற்கு மேல் ஒரு லட்சம் வரை காவி, அதையும் தாண்டினால் வெள்ளை. 15,000 என்பது நாளொன்றுக்கு 41 ரூபாய். ஒரு ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். மும்பையில் இந்தக் காசில் குடும்பம் நடத்தியவரை நான் பார்த்ததில்லை. எங்கள் கடையில் மூட்டை தூக்கிய ஒருவர், நெல்லைச் சீமைக்காரர், தாராவியில் குடியிருந்தார். நாள் கூலி 70 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. ரேஷன் ஆபீசில் முதலாளியிடம் வருமானக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்களாம். கணக்குப் போட்டேன்: வருஷத்துக்கு 21,000. வரம்புக்கு 6,000 ரூபாய் அதிகம்.

வாய்மை எங்களுக்கு அணுவிரதங்களில் ஒன்று. 14,000 என்று எழுதிக் கொடுத்தால் அவர் வீட்டில் அரிசி, என் விரதத்தில் பழுது. 21,000 என்றே எழுதினேன். கார்டு காவியானது. மத்திய அரசு 2000 ஏப்ரலில் வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு முழு அடக்க விலை என்று ஆக்கியிருந்தபடியால், அந்தக் கார்டால் தானிய விஷயத்தில் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் என்னைக் கோபிக்கவில்லை. "உள்ளதத்தானே மொதலாளி எழுதினீய" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

உதவி கேட்டு வருகிறவன் தன் இல்லாமையை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினேன். கோட்டைப் பகுதிப் பழைய புத்தகக் கடைகளில் துருவித் துருவிக் கடைசியில் வந்து நின்ற இடம் நம் சென்னை ராஜதானிதான்.

1876-78 பஞ்சத்தை நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பின்னர் வந்த பஞ்சக் கமிஷனே ஒப்புக்கொண்ட கணக்கு. சென்னைப் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878இல் இதைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பஞ்ச காலத்தில் அரசு கைகட்டிக்கொண்டு நின்றது என்று சொல்ல முடியாது. நிவாரண வேலைகள் நடந்தன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்; கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அந்தக் கால்வாய்க்கு நிலைத்தது. ஆனால் 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைத் தம் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பினார். செலவைக் குறைப்பது அவருக்கு இட்ட பணி.

இந்த டெம்பிள் கதை விசித்திரமானது. 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி சமாளித்தவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற வசை. அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில்தான் சென்னைக்கு வந்தார் என்று சரித்திரம் எழுதுவோர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வேலைத்தலத்தில் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு சிறிது காசு என்று கூலியைக் குறைத்தார். இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர் வந்துவிட்டது. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கிறவன் உடம்புக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று வாதாடினார். சில மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்திக்கொண்டது. அந்தச் சில மாதத்துக்குள் போன உயிர் போனதுதான்.

கூலிக் குறைப்பைவிட என்னைத் தூங்கவிடாதது தூரப் பரீட்சை. சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் வேலைத்தலத்தில் ஒருவனைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. வீடு பக்கத்தில் இருந்தால் தேவை இல்லாதவனும் வந்து சேர்ந்துவிடுவானாம். பத்து மைல் நடந்து வந்து, முகாமிலே தங்கி, கல் உடைக்கிறவன்தான் நிஜமாகவே பசித்தவன் என்பது யோசனை. இது சீமையிலிருந்து வந்த சரக்கு. 1834இல் இங்கிலாந்தில் திருத்திய ஏழைகள் சட்டம், உதவி பெறுபவன் நிலைமை மிகக் கீழான கூலிக்காரனின் நிலைமையைவிடக் கீழாக இருக்க வேண்டும் என்ற கொள்கையில்தான் நின்றது. அதைக் கரிசல் வெயிலில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? பத்து மைல் நடக்கத் தெம்பு உள்ளவன் போய்ச் சேருவான். தெம்பு போனவன், கிழவி, வயிற்றுப்பிள்ளைக்காரி, கைக்குழந்தைக்காரி, இவர்களெல்லாம் பரீட்சையில் தோற்றுப் போவார்கள். தேவை அதிகமாக அதிகமாகத் தகுதி குறைந்துகொண்டே போகிற சூத்திரம் இது!

1880இல் சர் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. 1883இல் மாதிரிப் பஞ்சச் சட்டத்தொகுப்பும் உருவானது. உழைக்க முடியாதவர்களுக்குக் கிராமத்திலேயே பட்டியல் எடுத்து இலவச உதவி, உழைக்கக் கூடியவர்களுக்கு வேலை என்று அது வகுத்தது. கமிஷன் சொன்ன ஒரு நியாயத்தை நான் மதிக்கிறேன்: லட்சக்கணக்கான ஜனங்களின் வீட்டு நிலவரத்தை அதிகாரிகள் ஆள் ஆளாக விசாரித்துத் தீர்ப்பது நடக்காத காரியம். ஆகவே வேலையே பரீட்சையாக இருக்கட்டும், வருகிறவனைக் கேள்வி கேட்காதே என்றார்கள். கமிஷனிலேயே கெய்ர்டு, சல்லிவன் இருவரும் பல விஷயங்களில் மாறுபட்டுக் குறிப்பு எழுதினார்கள் என்பதும் சொல்ல வேண்டும்.

சுதந்திர இந்தியா இந்த இடத்தில் வெள்ளைக்காரனைவிட ஒரு படி துணிந்தது. ஆள் ஆளாக விசாரிக்க முடியும் என்று நம்பியது. 1997 ஜூனில் பொது விநியோகம் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கப்பட்டது. அந்த ஆண்டு கிராமக் கணக்கெடுப்பில் காரை வீடு இருந்தால் நீக்கம். கூரையில் மின்விசிறி சுற்றினாலும் நீக்கம். 2002 கணக்கெடுப்பில் 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 52. குறைந்த மார்க் வாங்கினவன் ஏழை. ஆளுக்கு எத்தனை துணி என்பது ஒரு கேள்வி. இரண்டுக்குக் குறைவு என்றால் பூஜ்யம். வீட்டுப் பிள்ளை படித்து முன்னேறினால் மார்க் ஏறும், கார்டு நழுவும். கடன் பற்றிய கேள்வியைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். அன்றாடச் சாப்பாட்டுக்குத் தனியாரிடம் வட்டிக்கு வாங்கினவனுக்கு 0. வங்கி போன்ற நிறுவனத்தில் மட்டும் வாங்கினவனுக்கு 3. ஈட்டிக்காரனை விட்டுவிட்டு சொசைட்டிக்குப் போன புத்திசாலிக்கு அபராதம்! இவ்வளவும் கேட்டு மார்க் போட்ட பிறகு, மாநிலத்தில் மொத்தம் இத்தனை ஏழைகள்தான் இருக்கலாம் என்று திட்டக் கமிஷன் மதிப்பீட்டை ஒட்டி மேலேயிருந்து ஓர் உச்சவரம்பு வேறு.

வடிகட்டினதால் பணமாவது மிச்சமானதா? திட்டக் கமிஷனின் 2005 மதிப்பாய்வு, ஏழைக்கு ஒரு ரூபாய் உதவி போய்ச் சேர அரசுக்கு 3 ரூபாய் 65 காசு செலவாகிறது என்றது. மானிய தானியத்தில் 58 சதவீதம் உரிய குடும்பங்களுக்குப் போகவில்லை என்றும் கண்டது. என் கடையில் இப்படி ஒரு தராசு இருந்தால் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்.

இதே காலத்தில் தமிழ்நாடு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கார்டில் ஏழை, பணக்காரன் என்று கோடு போடாமல், அரிசி வேண்டுமா, அதற்குப் பதில் சர்க்கரை போதுமா, பொருளே வேண்டாமா என்று குடும்பத்தையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. வசதியானவர் பலர் வரிசையில் நிற்கச் சோம்பித் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். குறை இல்லாமல் இல்லை. வாங்கின அரிசியை மாவு மில்லுக்கும் எல்லை தாண்டியும் விற்றவர்கள் உண்டு. கஜானாவுக்கும் பெரும் பாரம். ஆனால் அரிசிக்காக எந்தக் கூலிக்காரனும் முதலாளியிடம் வருமானக் கடிதத்துக்கு நிற்கவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் எல்லாருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை.

வெளியூரில் பிழைக்கிறவனுக்கு இதிலும் ஒரு சங்கடம் உண்டு. அட்டை ஊரில், வயிறு இங்கே. 2020இல் ஊரடங்கு வந்து ஜனங்கள் நடந்தே ஊர் திரும்பியபோதுதான் அரசாங்கத்துக்கும் இது கண்ணில் பட்டது. கார்டே இல்லாத எட்டுக் கோடிப் பேருக்கு இரண்டு மாதம் தலைக்கு 5 கிலோ என்று அந்த மே மாதம் அறிவித்தார்கள். 2019இல் நான்கு மாநிலங்களில் ஆரம்பித்த ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததும் நாடு முழுக்க வந்தது. கிராம வேலை உறுதிக்கு 2005இல் வந்த சட்டத்திலும் பாருங்கள், வேலை வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தர வேண்டும், தாண்டினால் கூலியில் 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்று எழுதினார்கள். டெம்பிள் துரையின் பத்து மைலைத் தலைகீழாகத் திருப்ப ஏறக்குறைய 130 வருஷம் பிடித்திருக்கிறது.

எங்கள் சமண நூல்களில் தானத்தைப் பிரிக்கும்போது பாத்திர தானம், கருணா தானம் என்பார்கள். பாத்திர தானத்தில் பெறுபவரின் தகுதி பார்க்கப்படும். முனிவர் உத்தம பாத்திரம், விரதம் பூண்ட இல்லறத்தார் அடுத்தபடி என்று வரிசை உண்டு. கருணா தானம் பசித்தவர், நோயாளி, அஞ்சி வந்தவர் ஆகியோருக்குக் கொடுப்பது. அங்கே தகுதி விசாரணை கிடையாது, பசிதான் தகுதி. நம் அதிகாரிகள், வெள்ளைக்காரராயினும் நம்மவராயினும், இரண்டாவதற்கு முதலாவதன் விதியைப் போட்டுக் குழப்பினார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். படித்தவர்கள் மறுக்கலாம்.

அந்த நெல்லைக்காரர் 2006இல் இடுப்பு முடியாமல் போய் ஊருக்கே திரும்பிவிட்டார். மறு வருஷம் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க மும்பை வந்தபோது கடைக்கும் வந்தார். ஊரில் கார்டு கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, மாசம் 20 கிலோ, கிலோ 2 ரூபாய் என்றார். வருமானம் எவ்வளவு என்று எழுதினீர்கள் என்றேன்.

"அத யாரு கேட்டா மொதலாளி? வீட்டுல கேஸ் இருக்கா, மண்ணெண்ணெய் வேணுமான்னுதான் கேட்டாவ" என்றார்.