சுரப்பி இல்லாத சுரப்பிக் கட்டி

பதினைந்து வயதுப் பெண். மேல்வரிசைக் கோரைப்பல் ஒன்று இன்னும் முளைக்கவில்லை. அந்த இடத்தில் ஈறு மெல்லப் புடைத்து வருகிறது, வலி இல்லை. எக்ஸ்ரேயில் பல் எலும்புக்குள்ளேயே கிடக்கிறது, அதைச் சுற்றி ஒரு கருவட்டம். முளைக்காத பல்லைச் சுற்றி வழக்கமாக வரும் நீர்க்கட்டி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நீர்க்கட்டி பல்லின் கழுத்தோடு நின்றுவிடும். இந்த வட்டம் கழுத்தைத் தாண்டி வேர்ப்பக்கம் இறங்கியிருக்கிறது. உள்ளே உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் பொடிகள் வேறு.

இதன் இன்றைய பெயர் அடினோமடாய்டு ஒடோன்டோஜெனிக் ட்யூமர். பல் மருத்துவர்கள் வாயில் ஏஓடி. நீளமான பெயர்தான், ஆனால் அது வந்து சேர்வதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

1915-ல் நார்வேயைச் சேர்ந்த ஹார்பிட்ஸ் இதை விவரித்தபோது நீர்ப்பையுள்ள அடமன்டோமா என்றார். வினை அங்கேதான். அந்தப் பெயர் இதைச் சேர்த்துவிட்ட குடும்பம், இன்று நாம் அமிலோபிளாஸ்டோமா என்று சொல்லும் முரட்டுக் கட்டியுடையது. அது எலும்புக்குள் ஊடுருவும். சுரண்டி எடுத்தால் திரும்ப வளரும். ஆகவே சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து அறுப்பார்கள். ஏஓடி அப்படியல்ல. தடித்த உறைக்குள் அடங்கியிருக்கும். நுங்குச் சுளையைத் தோண்டுவதுபோல முழுசாக வந்துவிடும், மறுபடி தலைகாட்டுவது மிக அபூர்வம். பெயரை நம்பினால் ஒரு சின்னப் பெண்ணின் தாடையில் பாதி போகும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஸ்டாஃப்னே 1948-ல் இது தனி இனம் என்று பிரித்துக் காட்டினார். அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். 1950-ல் பெர்னியர், டீக்கி இருவரும் 'அடினோ அமிலோபிளாஸ்டோமா' என்று பெயர் வைத்து, பிரித்த உறவை மறுபடி ஒட்டவைத்தார்கள்!

1969-ல் பிலிப்சனும் பிர்ன்னும் அமிலோபிளாஸ்டோமா என்ற சொல்லையே நீக்கி இன்றைய பெயரைத் தந்தார்கள். 1971-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை ஏற்றது. அடினோமா என்றால் சுரப்பிக் கட்டி. எனக்குப் பிடித்தது 'அடினோமடாய்டு' என்பதிலுள்ள 'ஆய்டு' என்ற வால். மைக்ராஸ்கோப்பில் செல்கள் வளையமாக நின்று நடுவே துளை விட்டிருக்கும். குறுக்கே நறுக்கிய சுரப்பிக் குழாய் போலவே இருக்கும். ஆனால் அங்கே சுரப்பி எதுவும் இல்லை, பல்லை உருவாக்கும் திசுதான். 'போல' என்று பெயரே ஒப்புக்கொள்கிறது.

பல் மருத்துவ மாணவர்கள் இதை 'மூன்றில் இரண்டு கட்டி' என்று மனப்பாடம் செய்கிறார்கள்: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேல்தாடையில், மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கு, மூன்றில் இரண்டு பங்கு முளைக்காத பல்லோடு, அந்தப் பற்களிலும் மூன்றில் இரண்டு கோரைப்பல். தேர்வுக்கு இது போதும். அறுவை அரங்கில் போதாது. அபூர்வக் கட்டி என்பதால், நீர்க்கட்டி என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்ட சீட்டோடுதான் பயாப்ஸி புட்டி பெரும்பாலும் லேபுக்குப் போகிறது.