விக்காம் ஸ்கின்னர்

விக்காம் ஸ்கின்னர் (1924–2019) அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உற்பத்தி மேலாண்மை கற்பித்த பேராசிரியர். ஒரு நிறுவனம் சந்தையில் எதைக் கொண்டு போட்டியிடப் போகிறது, அதன் ஆலை எப்படி அமைய வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேர முடிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டவர். பாடநூல்களில் இன்று தனி அத்தியாயம் பெற்றிருக்கும் ‘உற்பத்தி உத்தி’ என்ற துறை, அவர் 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்தது.

1944-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ராணுவப் பணியாக அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தார். 1948-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, ஹனிவெல் நிறுவனத்தில் சேர்ந்து பத்தாண்டுகள் இருந்தார். முனைவர் பட்டத்துக்காகவும் ஆசிரியப் பணிக்காகவும் ஹார்வர்டுக்குத் திரும்பியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் அந்தப் பத்தாண்டுகளே அடித்தளம் என்று கொள்ளலாம். ஆலைக்குள்ளிருந்து தலைமை அலுவலகத்தைப் பார்த்த ஒருவர் எழுப்பும் கேள்விகளைத்தான் அவர் கடைசிவரை எழுப்பினார்.

அவர் நுழைந்த காலத்தில் துறையின் நிலை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஹார்வர்டில் அது புதிய பாடமல்ல. பள்ளி தொடங்கிய சில மாதங்களிலேயே, 1909-ல், அறிவியல் மேலாண்மையின் முன்னோடியான ஃபிரெடெரிக் டெய்லர் அங்கே வந்து விரிவுரை ஆற்றத் தொடங்கியிருந்தார். ஆனால் 1950களுக்குள் பாடம் வேலை நேரக் கணக்கு, இயந்திரங்களை வரிசைப்படுத்துதல், சரக்கு இருப்பு என்று சுருங்கிவிட்டது. ஃபோர்டு அறக்கட்டளைக்காக ராபர்ட் கார்டனும் ஜேம்ஸ் ஹவலும் வணிகக் கல்வியை ஆராய்ந்து 1959-ல் வெளியிட்ட அறிக்கை, உற்பத்தி மேலாண்மைப் பாடங்கள் அறிவை மழுங்கடிப்பவை என்று கடுமையாகவே சாடியது. பல பள்ளிகள் இதற்குக் கணிதத்தில் விடை தேடின. நேரியல் திட்டமிடலும் வரிசைக் கோட்பாடும் சரக்கு இருப்பு மாதிரிகளும் வகுப்பறைக்கு வந்தன. துறைக்கு மதிப்புக் கூடியது உண்மை. ஆனால், இந்த ஆலை எதற்காக இருக்கிறது என்ற கேள்வி அந்தச் சமன்பாடுகளுக்கு வெளியே நின்றது.

ஸ்கின்னர் வேறு வழியில் போனார். ஆலைகளுக்கு நேரில் சென்று, மேலாளர்களிடம் பேசி, ஒரு நிறுவனத்தின் உண்மை நிலைமையை விவரிக்கும் ‘கேஸ்’ எழுதி, அதை வகுப்பில் விவாதிக்கும் ஹார்வர்ட் முறையையே ஆராய்ச்சிக் கருவியாகவும் ஆக்கிக்கொண்டார். வளரும் நாடுகளில் அமெரிக்க நிறுவனங்கள் நடத்திய ஆலைகளைப் பற்றிய அவருடைய நூல் 1968-ல் வந்தது.

அடுத்த ஆண்டு ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், நிறுவன உத்தியில் உற்பத்தி ஒரு விடுபட்ட கண்ணி என்று சொல்லும் கட்டுரை வெளியானது. மேல்மட்ட நிர்வாகிகள் ஆலையைத் தொழில்நுட்பக்காரர்களின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். இயந்திரம், ஆலையின் அளவு, இருப்பிடம், ஆட்களின் ஊதிய முறை போன்றவற்றில் அங்கே எடுக்கப்படும் முடிவுகள் பல ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் கையைக் கட்டிப்போடுகின்றன. அதை உணரும்போது காலம் கடந்துவிடுகிறது என்பது அதன் சாரம். குறைந்த விலை, உயர்ந்த தரம், விரைந்த விநியோகம், அடிக்கடி புதிய பொருள் ஆகிய அனைத்தையும் ஒரே ஆலையிடம் கேட்க முடியாது என்றார். ஐந்நூறு பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஒலியை மிஞ்சிப் பறந்து, விமானந்தாங்கிக் கப்பலிலும் இறங்கும் விமானத்தை யாராலும் வடிவமைக்க முடியாது என்பது அவர் காட்டிய ஒப்புமை. கட்டுரையில் கணிதம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தின் பல கணித மாதிரிகளைவிட அது நீண்ட ஆயுள் பெற்றிருக்கிறது.

1974-ல் வந்த ‘குவிந்த ஆலை’ பற்றிய கட்டுரை இதன் தொடர்ச்சி. குறைந்த வகைப் பொருள்கள், ஒரு குறிப்பிட்ட சந்தை, தெளிவான ஒரே பணி என்று அமைந்த ஆலை, எல்லாவற்றையும் செய்ய முயலும் பெரிய ஆலையை வெல்லும் என்றார். புதிய ஆலை கட்ட வசதியில்லாதவர்கள், இருக்கும் ஆலையையே பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆட்களும் தனி நடைமுறைகளும் கொடுத்து, ஆலைக்குள் ஆலை அமைக்கலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. இந்தக் கருத்து தொழிற்சாலையைத் தாண்டி மருத்துவமனைக்கும் போனது. குடலிறக்க அறுவையை மட்டும் செய்யும் கனடாவின் ஷோல்டைஸ் மருத்துவமனை இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி 1993-ல் ஹார்வர்டில் எழுதப்பட்ட கேஸையும் இந்தக் கோணத்தில் படிக்க இடமுண்டு.

1970களின் இறுதியில் ஜப்பானியக் கார்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தபோது ஸ்கின்னரின் எச்சரிக்கைக்குத் திடீரென்று செவிகள் கிடைத்தன. அதே பள்ளியின் ராபர்ட் ஹேஸும் வில்லியம் அபர்நாதியும் 1980-ல் அமெரிக்க நிர்வாக முறையையே குற்றஞ்சாட்டி எழுதினார்கள். ஹேஸும் ஸ்டீவன் வீல்ரைட்டும் 1984-ல் எழுதிய நூல் உற்பத்தி உத்தியை முறையான பாடமாக்கியது.

ஆனால் ஜப்பானே அவருடைய கோட்பாட்டுக்குச் சோதனையாகவும் ஆனது. டொயோட்டாவில் தரமும் கூடியது, செலவும் குறைந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டும் என்பது எங்கே போயிற்று என்று ரிச்சர்ட் ஷோன்பர்கர் முதலியோர் கேட்டனர். 1990-ல் காஸ்ரா ஃபெர்டோஸும் அர்னூ டி மேயரும், தரத்தில் தொடங்கினால் பிற திறன்களை அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கலாம் என்று வாதிட்டனர். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சீர்கெட்டு நடக்கும் ஆலை எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றிலும் முன்னேற முடியும். ஆனால் நன்றாக நடக்கும் ஆலைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையில் தேர்வு தவிர்க்க முடியாதது என்ற அளவில் ஸ்கின்னர் சொன்னது நிற்கிறது.

1986-ல் எழுதிய கட்டுரையில், செலவுக் குறைப்பை மட்டும் விரட்டும் நிர்வாகிகளுக்கு ஒரு கணக்குச் சொன்னார். உற்பத்தியால் கிடைக்கும் போட்டி வலிமையில் 40 விழுக்காடு ஆலைகளின் எண்ணிக்கை, அளவு, இருப்பிடம் போன்ற நெடுங்கால அமைப்பு மாற்றங்களிலிருந்தும், 40 விழுக்காடு இயந்திரங்களிலும் செய்முறைத் தொழில்நுட்பத்திலும் செய்யும் பெரிய மாற்றங்களிலிருந்தும் வருகிறது. ஆட்களின் உழைப்பைக் கசக்கும் வழக்கமான உற்பத்தித்திறன் முயற்சிகள் தருவது மிஞ்சிப்போனால் 20 விழுக்காடு. இது அளந்து எடுத்த எண் என்பதைவிட அனுபவத்தில் திரண்ட மதிப்பீடு என்றே கொள்ள வேண்டும். ஆட்குறைப்பையே சீர்திருத்தமாக எண்ணியிருந்த ஒரு காலத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்தார். உற்பத்தி, செயல்பாட்டு மேலாண்மைக்கான சங்கம் துறையின் இளம் ஆய்வாளர்களுக்கும் சிறந்த ஆசிரியர்களுக்கும் அவர் பெயரில் விருதுகள் வழங்கிவருகிறது.