சுவிட்சும் மீட்டரும்: தாம்பரம் பகுதிப் பொதுக் கட்டடங்களில் மின் சேமிப்பு

அரசு அலுவலகச் சுவிட்சுப் பலகைக்கு மேல் ஒட்டப்படும் ‘மின்சாரத்தைச் சேமிப்பீர்’ என்ற வேண்டுகோள், வீட்டுச் சிக்கனத்தை ஊழியரிடம் எதிர்பார்க்கிறது. வீட்டில் சுவிட்சைத் தொடுபவரே கட்டணச் சுமையையும் உணர்கிறார். அலுவலகத்தில் மின் கட்டணப் பட்டியல் கணக்குப் பிரிவோடு நின்றுவிடுகிறது. தம் பிரிவு எத்தனை யூனிட் செலவிட்டது என்று ஊழியருக்குத் தெரிய வழியில்லை. எனவே அளவைக் கண்ணில் காட்டி, பலனில் பங்கு தருவதே உண்மையான ஊக்குவிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் கேரிகோவும் ரீமரும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. தங்கள் கட்டடத்தின் பயன்பாட்டு அளவை ஊழியர்களுக்குத் தொடர்ந்து தெரிவித்தபோது மின் பயன்பாடு 7 விழுக்காடு குறைந்தது. சக ஊழியர் ஒருவர் எடுத்துச் சொன்னபோது 4 விழுக்காடு குறைந்தது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 75 வாட் மின்விசிறியை 250 வேலை நாள்களிலும் மதிய உணவு வேளையில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 யூனிட் மிச்சமாகும். 1.5 கிலோவாட் இழுக்கும் ஏசியை அதே நேரம் நிறுத்தினால் 375 யூனிட். வேண்டுகோள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவரிடம் பேசுகிறது; சேமிப்போ ஏசி ரிமோட் இருக்கும் மேலதிகாரியின் அறையில் இருக்கிறது. ஏசி வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் மதிப்பீடு. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அதற்குக் கீழே இறக்குவது மனித முடிவு. அம்முடிவை எடுப்பவர் முன்மாதிரியாக இல்லாவிட்டால் கீழ்நிலை ஊழியரிடம் சிக்கனம் கேட்பதில் நியாயமில்லை.

ஒரே அளவுகோல் எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தாது. தாம்பரம் சானடோரியத்தின் நெஞ்சக நோய் மருத்துவமனையில் காற்றோட்டம் தொற்றுத் தடுப்பின் பகுதி. அங்கே நோயாளர் கூடத்து மின்விசிறியைக் கணக்குப் பார்க்க முடியாது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சி, பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் என வெவ்வேறு உள்ளாட்சிகளின் பழைய கட்டடங்களைச் சுமக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று போட்டியிட வைத்தால், வசதியான கட்டடத்தில் இருப்பவர் உழைக்காமலே வெல்வார். கத்திரி வெயிலின் மே மாதத்தை மழைக்கால நவம்பரோடு ஒப்பிடுவதும் பிழை. ஒவ்வொரு அலுவலகமும் தன் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடுதான் ஒப்பிடப்பட வேண்டும்.

சேமித்த பணம் எங்கே போகிறது என்பது இறுதிக் கேள்வி. அரசுத் துறை அலுவலகத்தில் செலவாகாத ஒதுக்கீடு நிதியாண்டு முடிவில் காலாவதியாகிவிடும். ஊழியருக்கு அதில் பலன் ஏதுமில்லை. மாநகராட்சிக்கோ சொந்த நிதி உண்டு. மிச்சத்தில் ஒரு பங்கை அந்தந்தப் பிரிவின் குடிநீர், இருக்கை, கழிப்பறை வசதிகளுக்கே ஒதுக்க மாமன்றம் தீர்மானிக்கலாம். இம்முயற்சியைத் தொடங்க உள்ளாட்சி அலுவலகமே ஏற்ற இடம்.