பெட்ரோல் வருகிறதா?



துபாயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார். முந்தாநாள் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "சார், அப்பாவோட புல்லட் எவ்வளவு உதைச்சாலும் ஸ்டார்ட் ஆகல. அவர் போனதிலிருந்து ஆறு வருஷமா நிக்குது. மெக்கானிக் பார்த்துட்டு, கரண்ட் வருது, பெட்ரோல்தான் வரலைங்கிறார். பழைய இரும்புக்கடைக்காரர் எடைக்குக் கேக்கிறார். கொடுத்துடலாமா?"

1978 மாடல் வண்டி. கொடுக்காதே தம்பி. ஏனென்று சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும், வாத்தியார் புத்தி போகாது.

பெட்ரோல் திரவமாக எஞ்சினுக்குள் போனால் பயனில்லை. காற்றோடு ஆவியாகக் கலந்தால்தான் எரியும். 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். அதைத்தான் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்கிறோம். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மெல்லிய துளை வழியே பெட்ரோலைக் காற்றோட்டத்தில் தெளிக்கும் கார்பரேட்டரை மேபாக் செய்தார். ஏறத்தாழ அதே நேரத்தில், 1893இல், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்ற இருவரும் இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த மெல்லிய துளைதான் நாம் 'ஜெட்' என்று சொல்வது. அன்று முதல் இன்று வரை வண்டி நடுவழியில் நிற்பதற்கு அதில் அடைக்கும் ஒரு துளி அழுக்கும் காரணமாக இருந்து வருகிறது.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு எல்லாம் இங்கேயே செய்தார்கள். வண்டியோடு கூட வந்தது 'அமால்' கார்பரேட்டர். அமால் என்பது ஏதோ துரையின் பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். 1927இல் பர்மிங்காமில் சில கார்பரேட்டர் கம்பெனிகள் ஒன்றாயின. 'ஒன்றிணைந்த' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முன்பாதிதான் அமால்.

அதன் தலையில் டிக்ளர் என்ற சின்னப் பித்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளேயிருக்கும் மிதவை கீழே போகும், ஊசி விலகும், பெட்ரோல் நிரம்பி வெளியே கசியும். நம் அப்பாமார் காலையில் விரல் நனையும்வரை அதை அழுத்திவிட்டுத்தான் உதைப்பார்கள். அது வெறும் சடங்கில்லை, சோதனை. விரல் நனைந்தால் டேங்க்கிலிருந்து கார்பரேட்டர்வரை வழி சரி. நனையாவிட்டால் கோளாறு அதற்கு மேலே. தம்பி, நீயும் அங்கேயே ஆரம்பி.

நனையவில்லை என்றால், ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேப்பைத் திற. டேப்பின் குழாய்கள் டேங்க்குக்குள் இரண்டு உயரத்தில் நிற்கும். உயரமானது மெயின், தாழ்ந்தது ரிசர்வ். துருவும் தண்ணீரும் அடியில்தான் தங்கும். ஆகவே நின்றுபோன வண்டியை ரிசர்வில் போட்டு உதைப்பது கசடைக் கூப்பிட்டு உள்ளே விடுவது போல. ஊரில் வண்டியைப் படுக்கப்போட்டு எடுப்பார்களே, அதற்கும் காரணம் உண்டு. 1920களின் கடைசியில் பரவிய டேங்க் வடிவம், குதிரைச் சேணம் மாதிரிச் சட்டத்தின் இருபுறமும் தொங்குவது. டேப் இல்லாத பக்கம் தேங்கிய பெட்ரோல், சாய்த்தால்தான் இந்தப் பக்கம் வரும்.

பாட்டிலில் முதலில் நன்றாக விழுந்து, மெல்ல மெல்ல நின்றால் டேங்க் மூடியைப் பார். இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும்.

1993இல் என் அப்பாவின் புல்லட் என்னிடம் இருந்தது. மூன்று கிலோமீட்டர் ஓடும், நிற்கும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்பும். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், இரண்டு மெக்கானிக்குகளுக்குச் சம்பளத்தைக் கொட்டினேன். வெறுத்துப்போய் நாலாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவர் மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சிரித்தார். மூடியின் உள்ளே புதிதாக வெட்டிப்போட்ட ரப்பர் வாஷர், காற்றுத் துளையை மறைத்திருந்ததாம். பெட்ரோல் இறங்க இறங்க, உள்ளே புகக் காற்றுக்கு வழியில்லை. எண்ணெய் டின்னில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவோமே, அதே கணக்கு. அந்த டின்னைத்தான் நான் ஆறாம் வகுப்பில் வருடா வருடம் கொண்டுவந்து காற்றழுத்தம் நடத்தினேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்பாவின் வண்டி விஷயத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இன்றும் எங்காவது புல்லட் சத்தம் கேட்டால் நம்பரைப் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிக்ளர் நனைகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் பத்து உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்று. காய்ந்திருந்தால் ஜெட் அடைப்பு. ஆறு வருடப் பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி உள்ளே ஒட்டியிருக்கும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து ஊது. கம்பியை விடாதே. பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டும். நனைந்து சொட்டினால் பெட்ரோல் மிஞ்சிப்போகிறது, மிதவை ஊசியைப் பார்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டரே போய்விட்டது. டேங்க்குக்குள் மோட்டார் பம்ப், கம்ப்யூட்டர் சொல்படி தெளிப்பான். புகை குறைந்தது, முழங்காலும் பிழைத்தது, எனக்கு அதில் குறையில்லை. சாவி போட்டதும் உள்ளே இரண்டு நொடி முனகும் பம்ப் சத்தம்தான் இந்தக் காலத்து டிக்ளர். பேரப்பிள்ளைகளே, அது கேட்காவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் வைத்துப் பார். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு, டேங்க்கை அலசி, இரண்டு லிட்டர் புதிதாக ஊற்று. பிளக்கை ஒரு படம் எடுத்து அனுப்பு, நனைந்ததா காய்ந்ததா என்று நானும் பார்க்கிறேன். டேங்க் மூடியின் உட்புறத்தையும் ஒரு படம்.