மூசி ஆறு கற்பித்த பாடம்

ஐதராபாத் நகரின் நடுவே மூசி ஆறு ஓடுகிறது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அதில் பெருகிய வெள்ளம் பாலங்களைத் தகர்த்து நகருக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பல ஆயிரம் வீடுகள் இடிந்தன.

நகரைக் காக்க வழி கூறுமாறு நிஜாம் அரசு, பொறியாளர் விசுவேசுவரய்யாவை 1909இல் அழைத்தது. ஆற்றின் கரைகளை உயர்த்தினால் போதாதா? அவர் அவ்வாறு எண்ணவில்லை. நகருக்கு மேலே இருந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். அங்கிருந்த 788 ஏரிகளுள் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மேலுள்ள ஏரி உடைந்தால், அந்நீர் கீழுள்ள ஏரியையும் உடைத்துவிடும். இவ்வாறு மழைநீரும் ஏரிநீரும் ஒன்றுசேர்ந்தே நகரைத் தாக்கின.

எனவே வெள்ளத்தை நகருக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும் என்றார் அவர். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் அமைந்தன. இவை குடிநீரும் அளித்தன.

பின்னர் நகரம் பெருகியது. ஏரிப் படுகைகளிலும் ஓடைக்கரைகளிலும் வீடுகள் எழுந்தன. 2020 அக்டோபரில் நகரிலேயே பெருமழை கொட்டியபோது பல குடியிருப்புகள் மூழ்கின. அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை எவ்வாறு தடுக்கும்?

வெள்ள அபாயத்தை ஒருமுறை கணக்கிட்டால் போதாது. நகரம் விரியும்போதெல்லாம், நீர் எவ்வழியே வரும், எங்கே தேங்கும், அங்கே வாழ்வோர் யார் என்பதை மீண்டும் ஆராய வேண்டும். அதன் பிறகே அங்கு வீடு கட்ட அனுமதி அளிக்க வேண்டும்.