தூதும் வாங்கியும்



இப்பேச்சை ஏந்திய அலைகள் இவ்வேளையில் ஊரெங்கும் பரவிக்கொண்டிருக்கின்றன. வீட்டுச் சுவரிலும் படுகின்றன; வேலியோரத்துத் தென்னையிலும் படுகின்றன. சுவரும் தென்னையும் அவற்றைக் கேட்பதில்லை. உரிய அலைவரிசைக்குத் திருப்பி வைத்த வானொலிப் பெட்டியே அவற்றை வாங்கிக் குரலாக்குகின்றது. நம் உடலினுள்ளும் இத்தகைய ஒலிபரப்பு ஒன்று இடையறாது நிகழ்கின்றது. குருதியிற் கலந்தோடும் தூதுப் பொருள்கள் எல்லாக் கலங்களின் அருகாகவும் செல்கின்றன. ஆயின், ஒரு தூதுக்கு ஏற்ற வாங்கியைக் கொண்ட கலம் மட்டுமே அச்செய்தியை ஏற்கின்றது. இத்தூதுப் பொருள்களுட் பல பெப்தைட்டுக்கள். அதாவது, அமினோவமிலங்கள் மணிகோத்தாற்போலத் தொடுத்து அமைந்த சங்கிலிகள். தூதை மனிதன் முதலிற் கண்டான். வாங்கியைக் காண அவனுக்கு நெடுங்காலம் சென்றது.

1902ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியில், வில்லியம் பேலிஸ், ஏர்ணஸ்ற் ஸ்ரார்லிங் என்னும் மைத்துனர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். உணவு சிறுகுடலை அடைந்ததும் சதையி தன் சீரணநீரைச் சுரக்கின்றது. இச்செய்தியைச் சதையிக்குக் கொண்டு செல்பவை நரம்புகளே என்பது இரசிய அறிஞர் பவ்லோவின் கொள்கை. மைத்துனர் இருவரும் மயக்க மருந்தூட்டிய நாயொன்றின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் சதையி சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து வடித்து, அந்நீரை நாயின் நாளத்திற் செலுத்தினர். மீண்டும் சதையி சுரந்தது. செய்தி குருதி வழியே சென்றது என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குச் செக்கிரிற்றின் என்று பெயரிட்டனர். அது 27 அமினோவமிலங்கள் கொண்ட பெப்தைட்டு என்பது பல பத்தாண்டுகளின் பின்னரே அறியப்பட்டது. இத்தகைய தூதுகளுக்கு ஓமோன் என்னும் பொதுப்பெயரை ஸ்ரார்லிங் 1905இல் வழங்கினார்.

அதே 1905இல், கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி என்பார் நிக்கொற்றின், குராரே ஆகிய நஞ்சுகளைத் தசைகளிற் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பு அழிந்துபோன தசையையும் நிக்கொற்றின் சுருங்கச் செய்தது. குராரே அச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆகவே இரண்டும் வந்து பற்றுவதற்குத் தசைக்கலத்திலேயே ஓர் 'ஏற்கும் பொருள்' இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். ஜேர்மனியில் எர்லிக்கும் ஏறக்குறைய இக்கருத்தையே வேறு வழியில் அடைந்திருந்தார். ஆயின், கண்ணாற் காணாத பொருளை நம்புவதற்குப் பலரும் தயங்கினர். ஹென்றி டேல் போன்ற பேரறிஞரும் அத்தயக்கத்தினின்று நீங்கினாரல்லர். தூதுக்குப் பெயர் கிடைத்த ஆண்டிலேயே வாங்கியும் ஊகிக்கப்பட்டது. எனினும், அவ்விரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இதற்கிடையில் தூது ஒன்றே பேரற்புதம் நிகழ்த்திக் காட்டியது. நீரிழிவு, நம் ஊரார் சலரோகம் என்பது, அக்காலத்திற் சிறுவர்க்கு வந்தால் மரணத் தீர்ப்பே. பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டால் நாட்களைச் சிறிது நீட்டுவதன்றி வைத்தியருக்கு வேறு வழியில்லை. 1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் ரொறன்ரோ நகரில், மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில், பான்டிங்கும் மாணவராயிருந்த பெஸ்ற்றும் நாயின் சதையியிலிருந்து வடித்த சாறு குருதியின் வெல்லத்தைக் குறைப்பதைக் கண்டனர். 1922 ஜனவரி 11இல், அந்நகர வைத்தியசாலையில், 14 வயதான லியனாட் தொம்சனுக்கு அத்தகைய சாறு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சிறுவனின் எடை அப்போது ஏறத்தாழ 65 இறாத்தலே. வெல்லம் சிறிது குறைந்தது. ஆயின், மருந்தின் மாசினால் ஊசியேற்றிய இடத்திற் கட்டி தோன்றவே, முயற்சி நிறுத்தப்பட்டது. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அல்லும் பகலும் முயன்று சாற்றைத் தூய்மை செய்தார். ஜனவரி 23இல் மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தெளிந்தான். அவன் 1935 வரை வாழ்ந்தான். இக்கதையைச் சொல்வோர் பான்டிங், பெஸ்ற் என்று இரு பெயரோடு நிறுத்திவிடுவது வழக்கம். கொலிப்பை மறப்பது நீதியன்று என்பது என் எண்ணம். முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாட்கள் அவருடையவை.

இன்சுலினை விழுங்க இயலாதோ என்று வினவுவோர் உளர். அது பெப்தைட்டு ஆகலின், இரைப்பையும் குடலும் அதனையும் உணவுப் புரதம்போலவே அறுத்துச் சீரணித்துவிடும். அதன் இரு சங்கிலிகளையும், அவற்றின் 51 அமினோவமிலங்களையும் வரிசைப்படுத்தும் பணியைக் கேம்பிரிட்ஜில் பிரெட்ரிக் சாங்கர் 1955இல் நிறைவேற்றினார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. 1936இல் இலண்டன் வைத்தியர் ஹிம்ஸ்வேத், நீரிழிவாளர் சிலரிடம் இன்சுலின் நன்கு வேலை செய்வதையும், வேறு சிலரிடம் அவ்வாறு செய்யாமையையும் எடுத்துக் காட்டினார். 1960இல் நியூயோர்க்கில் பேர்சனும் ரோசலின் யாலோவும் குருதியிலுள்ள மிகச் சிறிதளவு இன்சுலினையும் அளக்கும் முறையை வெளியிட்டனர். முதிய வயதில் நீரிழிவுற்றோர் பலரின் குருதியில் இன்சுலின் இருந்தது. சிலரிடம் மிகுந்தும் இருந்தது. ஒலிபரப்பு நடக்கின்றது, பெட்டி ஒலிக்கவில்லை! 1971இல் ஆய்வாளர்கள் கதிரியக்கம் ஊட்டிய இன்சுலினைக் கொண்டு, கலமென்சவ்வில் அது சென்று பற்றும் இடத்தை நேரே அளந்தனர். லாங்லி ஊகித்தது போன்ற வாங்கி இன்சுலினுக்கும் உண்டென்பது ஐயமற உறுதியாயிற்று.

பின்னர் அதன் தொழிலும் விளங்கியது. வாங்கி சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். இன்சுலின் வெளிப்புறத்திற் பற்றியதும், வாங்கியின் உட்புறப் பகுதி விழித்தெழுந்து, கலத்தினுள்ளே உள்ள புரதங்களில் மாற்றங்களைத் தொடராக நிகழ்த்துகின்றது. அதன் பயனாகத் தசைக்கலத்தின் ஆழத்திற் கிடந்த குளுக்கோசுக் கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து வெல்லத்தை உள்ளே விடுகின்றன. முதியோர் நீரிழிவில் தடை பெரும்பாலும் இவ்வுட்தொடரிலேயே நேர்கின்றது.

வாங்கியை அறிந்தபின், அதற்கேற்பத் தூதைத் தேடும் வழி பிறந்தது. உணவு உண்டபின் குடல் விடுக்கும் வேறொரு பெப்தைட்டு, சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது. ஆயின், குருதியில் அது இரண்டொரு நிமிடத்திற் சிதைந்துவிடும். 1992இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் எங், பாலைநிலத்து நச்சுப் பல்லியாகிய கீலா என்பதன் நஞ்சில் 39 அமினோவமிலங்கள் கொண்ட பெப்தைட்டு ஒன்றைக் கண்டார். அது அதே வாங்கியைப் பற்றியது. ஆயினும், எளிதிற் சிதையவில்லை. அதன் வழியமைந்த மருந்து 2005இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. ஆண்டில் பெரும்பகுதியை வளைக்குள்ளே கழித்து, சில வேளை உணவோடு காலந்தள்ளும் பிராணி அது.