காலைக் கூட்டத்தில் கைகோத்த சபைகள்

இங்கிலாந்தின் சிறுநகரத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் இன்று ஒரு காட்சியைக் காணலாம். பள்ளிக் கூடத்தின் தரையில் பிள்ளைகள் சம்மணமிட்டு அமர்ந்திருக்கின்றனர். ஐந்தாறு பெரியவர்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விவிலியக் கதையொன்றை நடித்துக் காட்டுகின்றனர். பத்துப் பதினைந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஐந்தாறு பேரில் ஒருவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவராகவும், இன்னொருவர் மெதடிஸ்டாகவும், மற்றவர்கள் பாப்டிஸ்டாகவோ கத்தோலிக்கராகவோ இருக்கக்கூடும். யார் எந்தச் சபை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பார்ப்பதற்கு எளிய காட்சிதான். ஆனால் இச்சபைகள் ஒரு பள்ளியின் வாசலுக்குள் சேர்ந்து நுழைவதற்கு நூறாண்டுகளுக்கும் மேலான பூசலைக் கடந்து வரவேண்டியிருந்தது என்பதையும், அப்பூசலின் தொடக்கத்தில் நம் சென்னைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது.

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதியொன்றின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஏற்றார். அவர் ஆங்கிலிக்கன் குருவானவர். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். 'மலபார் பள்ளி' என்று அதனைக் குறித்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரை அவ்வாறே அழைத்தனர். அந்த மணல் எழுத்தைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்த பெல், சற்றே தேர்ந்த பிள்ளைகளைக் கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதும் இராது. தாயகம் திரும்பிய பெல் 1797இல் இதை ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயர் இங்கிலாந்தில் பரவிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனின் சவுத்வர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இதனையொத்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். அவர் குவேக்கர். தம் பள்ளியில் விவிலியம் படிக்கலாம், எந்தச் சபையின் ஞானோபதேசமும் கூடாது என்பது அவருடைய கொள்கை. இங்கேதான் பூசல் மூண்டது. நாட்டின் சபையாகிய ஆங்கிலிக்கன் திருச்சபையை விட்டுப் பிள்ளைகளைப் பிரித்துவிடும் முறை இது என்று 1805இல் சாரா டிரிம்மர் என்ற எழுத்தாளர் தாக்கி எழுதினார். 1811இல் ஆங்கிலிக்கன் தரப்பினர் பெல்லின் முறையைக் கைக்கொண்டு தேசியச் சங்கத்தை நிறுவினர். லங்காஸ்டரின் ஆதரவாளர்கள் அமைத்த சங்கம் 1814இல் பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டுப் பள்ளிச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. கற்பிக்கும் முறையில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிள்ளை மனப்பாடம் செய்யவேண்டிய வினாவிடை யாருடையது என்பதே வழக்கு.

இந்த வழக்கு பிள்ளைகளின் படிப்பையே தடுத்தது என்பதுதான் துயரம். 1833இல் அரசு முதன்முறையாகப் பள்ளிக் கட்டடங்களுக்கென ஒதுக்கிய 20,000 பவுண்டு இவ்விரு சங்கங்களின் வழியாகவே செலவிடப்பட்டது. 1843இல் தொழிற்சாலைச் சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வி அளிக்க ஒரு மசோதா வந்தது. அப்பள்ளிகள் ஆங்கிலிக்கன் சபையின் பிடிக்குள் போய்விடும் என்று மற்றச் சபையினர் கொதித்தெழ, கல்விப் பிரிவுகள் கைவிடப்பட்டன. ஆலைச் சிறுவர்கள் காத்திருந்தனர்.

1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஒரு வழியைக் கண்டது. வரிப்பணத்தில் நடக்கும் வாரியப் பள்ளிகளில் ஒரு குறிப்பிட்ட சபைக்கு மட்டுமே உரிய ஞானோபதேசமோ பிரமாணமோ கற்பிக்கப்படலாகாது என்ற விதியை உறுப்பினர் கூப்பர்-டெம்பிளின் பெயரால் அது சேர்த்துக்கொண்டது. சமயப் பாடம் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கவேண்டும். விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். ஆயினும் பூசல் ஓயவில்லை. சபைப் பள்ளிகளுக்கும் உள்ளூர் வரியிலிருந்து பணம் தர 1902இன் சட்டம் வழிசெய்தபோது, பாப்டிஸ்ட் போதகர் ஜான் கிளிஃபர்ட் முதலானோர் வரி கொடா இயக்கம் நடத்தினர். பலருடைய வீட்டுப் பொருள்கள் ஜப்தி செய்யப்பட்டன. சிலர் சிறை சென்றனர்.

இத்தகையோர் எப்படி ஒரே மேசையில் அமர்ந்தனர்? 1924இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஆங்கிலிக்கன் சபையாரும் சுயாதீன சபையாரும் ஆசிரியர்களும் கூடி, அனைவருக்கும் உடன்பாடான ஒரு சமயப் பாடத்திட்டத்தை வகுத்தனர். வேறு பல மாவட்டங்களும் அதனை எடுத்துக்கொண்டன. போர்க்காலத்தில் அமைச்சர் பட்லரும் பேராயர் வில்லியம் டெம்பிளும் பேசி முடித்த உடன்பாட்டின்மீது எழுந்த 1944ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய உடன்பாட்டுப் பாடத்திட்டத்தை நாடெங்கும் கட்டாயமாக்கிற்று. ஒவ்வொரு பள்ளி நாளும் கூட்டு வழிபாட்டுடன் தொடங்கவேண்டும் என்றும், அரசுப் பள்ளிகளில் அவ்வழிபாடு எந்தச் சபைக்கும் தனியே உரியதாக இருக்கலாகாது என்றும் விதித்தது.

இந்த இணக்கத்தின் தன்மையை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். ஞானஸ்நானம், குருத்துவம், நற்கருணை ஆகிய எதிலும் சபைகள் ஒருமனப்பட்டுவிடவில்லை. 1947இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இங்கிலாந்திலோ, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் இணையும் திட்டம் 1969இலும் 1972இலும் போதிய வாக்குகள் இன்றித் தோற்றது. கோயிலுக்குள் ஒன்றாக முடியாதவர்கள் பள்ளிக் கூடத்தில் ஒன்றாக நின்றனர். எவற்றையெல்லாம் பேசாமல் விடுவது என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டிருந்ததே காரணம். வினாவிடையை வாசலில் விட்டுவிட்டுக் கதையை மட்டும் உள்ளே எடுத்துச் சென்றனர்.

இன்று நாம் முதலில் கண்ட அந்தக் குழுக்கள் இம்மரபின் வாரிசுகளே. 1990இல் கத்தோலிக்கரையும் உள்ளடக்கிப் புதிய சபைக் கூட்டமைப்பு இங்கிலாந்தில் உருவானது. ஊர்தோறும் சபைகள் கூடிச் செயற்படும் அமைப்புகள் பெருகின. பெட்ஃபோர்டில் தொடங்கிய 'புத்தகத்தைத் திற' என்னும் கதைசொல்லல் திட்டம் இவ்வகையில் நன்கறியப்பட்டது. 1804இல் பல சபையினர் கூடி நிறுவிய வேதாகமச் சங்கமே அதனை 2013 முதல் நடத்திவருகிறது. பல சபைகளிலிருந்து சேர்ந்த தன்னார்வலர் குழு, எழுதித் தரப்பட்ட கதையைச் சொல்லி நடிக்கிறது. பிள்ளைகளையும் நடிக்க அழைக்கிறது. விளக்கவுரை, பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. இறுதியில் ஒரு சிந்தனையும் சிறு ஜெபமும் உண்டு; சேர விரும்புவோர் சேரலாம்.

ஆனால் நூறாண்டுப் பூசலின்போது எண்ணிப்பார்க்கப்படாத பிள்ளைகள் இப்போது அத்தரையில் அமர்ந்திருக்கின்றனர். இஸ்லாமியர், சீக்கியர், எம்மதமும் சாராதோர், ஈழத்திலிருந்து போய்ச் சேர்ந்த சைவக் குடும்பங்களின் பிள்ளைகள் என்று அவ்வரிசை நீள்கிறது. 1988இன் சட்டம் அரசுப் பள்ளிகளின் வழிபாடு பெரும்பாலும் கிறித்துவத் தன்மை உடையதாக இருக்கவேண்டும் என்று எழுதியது. உள்ளூர் சமயக் கல்வி ஆலோசனைக் குழுவிடம் விண்ணப்பித்து அதிலிருந்து விலக்குப் பெறவும் இடமளித்தது. அன்றாடக் கூட்டு வழிபாடு இங்கிலாந்தில் இன்றும் சட்டப்படி கடமைதான். பெற்றோரின் விலக்குரிமையும் நீடிக்கிறது. வேறு சட்டம் நிலவும் வட அயர்லாந்திலோ, பெல்ஃபாஸ்ட் தொடக்கப்பள்ளி ஒன்றைப் பற்றிய வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் போதாது, தனித்து நிற்கும் பிள்ளைமீது அது களங்கம் சுமத்தக்கூடும் என்று அது கருதியது.

தனித்து நிற்கும் அந்தப் பிள்ளையை நம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மிஷன் பள்ளிகளில் படித்த நம்மவர் பலர், நல்ல சமாரியன் கதையையும் கெட்ட குமாரன் கதையையும் இன்றளவும் அன்போடு நினைவுகூர்கின்றனர். அவர்கள் அதனால் மதம் மாறிவிடவில்லை. கதை அவர்களிடம் தங்கிவிட்டது. அதேசமயம் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதா திறந்து வைத்திருப்பதா என்று தெரியாமல் விழித்த சிறுவயதுத் தடுமாற்றமும் சிலருடைய நினைவில் உண்டு. கதை கேட்பதும் வழிபடுவதும் ஒன்றல்ல என்பதை எவரும் சொல்லித்தராமலே குழந்தை உணர்ந்துவிடுகிறது.

திருச்சபைகள் தமக்குள் சேர்வதற்குச் சிலவற்றைப் பேசாமல் விடக் கற்றுக்கொண்டன. அதனால் அவை எதையும் இழந்துவிடவில்லை. அந்த அடக்கத்தை இன்னும் ஓர் அடி நீட்டி, சட்டத்தின் கட்டாயத்தையும் வாசலில் விட்டுவிட்டு, அழைத்தால் வருகின்ற விருந்தினராக மட்டும் அவை உள்ளே வரலாகாதா? கட்டாயம் நீங்கிய பிறகும் தலைமையாசிரியர்கள் அவர்களை அழைப்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். நன்றாகக் கதை சொல்பவரைப் பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்னதாக நாம் எங்கும் கேள்விப்பட்டதில்லை.